வழவழப்பாக ஒரு பொய்

"ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துடும்மா. இதோட விட்டுடுவாங்க."

எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்ததிலிருந்து கணக்கு வாத்தியார் தன் மனைவியிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும்.

"எழுதித்தான் கொடுக்கணும்னா கீழேயே பேனாக் கடை இருக்கே சார். எதுக்கு இவ்வளவு படி ஏறினீங்க?" என்றேன்.

அண்ணி என்னை முறைத்தார். என் அண்ணனின் மனைவி. இந்தத் துப்பறியும் அலுவலகத்தின் முதலாளி. நான் அவருடைய கொழுந்தன். உதவியாளன், எடுபிடி, டீ வாங்கி வருபவன், எல்லாம் நானே. லீவு கேட்டால், "வீட்டு ஆளுக்கு எதுக்கு தம்பி லீவு?" என்பார்.

"நீங்க சொல்லுங்கம்மா," என்றார் அண்ணி, அந்தப் பெண்ணைப் பார்த்து.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைச் 'சிற்பி' என்று கூப்பிடுவார்களாம். காரணத்தை அவளே சொன்னாள்.

"காதுக்குப் பக்கத்துல இருக்கற எலும்பு மேடம். உடம்பை தானமா கொடுத்தவங்களோடது. அதை மெழுகுல பதிச்சு, மெல்லிசு மெல்லிசா சீவி, ஒவ்வொரு சீவலையும் மைக்ராஸ்கோப்புல படம் எடுப்பாங்க. அந்தப் படங்களை கம்ப்யூட்டர்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி நான் திரும்ப முழு எலும்பா ஆக்குவேன். அதைப் பெரிசாக்கி பிளாஸ்டிக்ல அச்செடுத்தா, டாக்டருங்க கையில வெச்சுப் பார்த்து எங்க டிரில் போடலாம், எங்க போடக்கூடாதுன்னு முடிவு பண்ணுவாங்க."

"பிரெட்டை ஸ்லைஸ் போட்டுட்டு, திரும்ப முழு பிரெட்டா ஒட்டற மாதிரி," என்றேன்.

"அதேதான். ஆனா அப்படி ஒட்டினா ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியும். அதனால ஸ்மூத் பண்ணுவோம். மரத்துக்கு உப்புத்தாள் போடற மாதிரி. கொஞ்சமா போட்டா பார்க்க அழகு. அளவுக்கு மீறிப் போட்டா, மெல்லிசா இருக்கறதெல்லாம் தேஞ்சு காணாமப் போயிடும்."

"எது காணாமப் போச்சு?" அண்ணியின் குரல் கூர்மையானது.

"ஒரு நரம்பு மேடம். முகத்துக்குப் போற நரம்போட சின்னக் கிளை. எல்லாருக்கும் இருக்காது, சிலருக்கு இருக்கும். நான் செஞ்ச மாடல்ல இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு. பெரிய டாக்டர் கைக்குப் போன மாடல்ல இல்ல."

அந்த மாடலை நம்பிப் பெரிய டாக்டர் காதுக்குப் பின்புறமாக ஒரு புது வழி கண்டுபிடித்து, ஒரு பஸ் கண்டக்டருக்கு ஆபரேஷன் செய்திருந்தார். கண்டக்டருக்குக் காது கேட்க ஆரம்பித்தது. ஆனால் முகத்தின் வலப்பக்கம் அப்படியே தொங்கிவிட்டது. கண் மூடவில்லை. விசிலை வாயில் வைத்தால் காற்று ஓரமாகக் கசிந்தது.

ஆஸ்பத்திரி விசாரணைக் குழு அமைத்தது. சிற்பியின் கோப்பைத் திறந்து பார்த்தார்கள். அதிலும் நரம்பு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து, அவளுடைய பாஸ்வேர்டில் யாரோ மாடலைத் தேய்த்து அதே கோப்பின் மேலேயே சேமித்திருந்தார்கள். 'யாரோ' என்பது அவள் வார்த்தை. 'நீதான்' என்பது குழுவின் வார்த்தை. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இன்று மதியம் குழு கடைசியாகக் கூடுகிறது. கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தால் வேலையோடு போகும், மறுத்தால் போலீஸ்.

"அந்த ஞாயித்துக்கிழமை எங்க இருந்தீங்க?"

"பையனுக்குக் கடும் காய்ச்சல். அட்மிட் பண்ணிட்டு அவன்கூடவே வார்டுல இருந்தேன். ஒரு வாரம் வேலைக்கே போகல. அச்சுல வந்த மாடலை நான் கண்ணாலகூடப் பார்க்கல மேடம்."

"வீட்டுல யாரு?"

"யாருமில்ல. பூட்டித்தான் இருந்துச்சு," என்றார் வாத்தியார். "நானும் வார்டுக்கும் ஸ்கூலுக்குமா ஓடிட்டு இருந்தேன்."

"வெளியிலேருந்து கம்ப்யூட்டருக்குள்ள நுழைஞ்சிருக்காங்க," என்றாள் சிற்பி. "பெரிய டாக்டரோட ஆளுங்களாத்தான் இருக்கும். புது ஆபரேஷன்ல பேர் வாங்கணும்னு அவருக்கு அவசரம். என் நாத்தனாரும் அதையேதான் சொல்றா. அங்க எலும்பு சீவற வேலை அவளுக்குத்தான். நாங்க படிக்கும்போதே ஒரே பெஞ்சு. இவரை எனக்குக் காட்டினதே அவதான். இப்பவும் 'ஏய்'னுதான் கூப்பிடுவா, அண்ணின்னு ஒரு நாள் சொன்னதில்ல." லேசாகச் சிரித்தாள். உடனே அந்தச் சிரிப்பு அணைந்தது. "ஆனா சில சமயம் எனக்கே சந்தேகம் வருது மேடம். பையனைப் பத்தின கவலையில நானே எதையாவது அழுத்திட்டேனோன்னு."

வாத்தியார் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். "யாருக்கும் வரக்கூடிய தப்புதான்மா."

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஸ்கூட்டர் என்று தெரிந்ததும், தன் காரிலேயே அழைத்துப் போவதாக அவரே சொன்னார்.

"தங்கமான மனுஷன் அண்ணி," என்றேன் படியிறங்கும்போது.

அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினார்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைய சிற்பிக்குத் தடை. அவளும் வாத்தியாரும் காரிலேயே இருக்க, நானும் அண்ணியும் மட்டும் பெரிய டாக்டரின் அறைக்குப் போனோம். பெரிய டாக்டர் என்றதும் ஆறடி ஆளை எதிர்பார்த்திருந்தேன். மேஜைக்குப் பின்னால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"சொல்ல வேண்டியதைக் குழுகிட்ட சொல்லியாச்சு. உங்ககூடப் பேசணும்னு எனக்கு அவசியமே இல்ல."

"இல்லதான் டாக்டர். அந்த மாடலை ஒரு தடவை கையில எடுத்துப் பார்த்துட்டுப் போயிடறோம்."

அலமாரியைக் கண்ணால் காட்டினார். ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே கறுப்பு மெத்தையில் வெட்டிய பள்ளம். அதற்குள் கைப்பிடி அளவு வெள்ளை எலும்பு. தண்ணீர் உருட்டிய கல் மாதிரி அவ்வளவு வழவழப்பு.

அண்ணி பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கினார். சத்தமே இல்லை. மூடியைத் திறந்து, எலும்புக்கும் பள்ளத்துக்கும் நடுவே நகத்தை விட்டு எதையோ உருவினார். ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் பச்சை. மறுபடி குலுக்கினார்.

கடக். கடக்.

"பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்ச்!" என்றேன். "ஆபரேஷன் முடிஞ்சதும் டாக்டர் பாத்திரமும் கழுவி வெச்சுட்டுத்தான் போவாரோ?"

"என்ன கிண்டலா? வந்தப்பவே அது உள்ள இருந்துச்சு."

"பள்ளம் மாடலுக்கு அளவெடுத்து வெட்டினது டாக்டர்," என்றார் அண்ணி. "அப்புறம் ஏன் ஆடுது?"

டாக்டரின் முகம் மாறியது. எழுந்து வந்து எலும்பைப் பள்ளத்தில் வைத்து, சுற்றிலும் இருந்த இடைவெளியை உற்றுப் பார்த்தார்.

"ரொம்பத் தேய்ச்சா மொத்த உருவமுமே கொஞ்சம் சுருங்கும்," என்றார் மெதுவாக. "அப்படின்னா இந்தப் பள்ளம் தேய்க்கறதுக்கு முன்னாடி இருந்த மாடலுக்கு வெட்டினது. அப்படி ஒண்ணு இருந்திருக்கு."

"உங்களுக்குத் தெரியாதா?"

"படிக்கட்டு படிக்கட்டா இருந்திருந்தா நானே சந்தேகப்பட்டு ஸ்லைடையெல்லாம் எடுத்துப் பார்த்திருப்பேன்மா. இது இவ்வளவு அழகா இருந்துச்சு. நம்பிட்டேன்." கதவுப் பக்கம் திரும்பினார். "அந்தக் கண்டக்டர் தினமும் வர்றார். வெளியே பெஞ்சுல உக்காந்துட்டுப் போறார். திட்டினாலும் பரவாயில்ல. ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறார்."

மாடலைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"போச்சு அண்ணி," என்றேன் வராந்தாவில். "நமக்குன்னு இருந்தது ஒரே ஒரு வில்லன். அவரும் நல்லவராப் போயிட்டார்."

காரில் ஏறியதும் அண்ணி ஸ்பாஞ்சைச் சிற்பியிடம் நீட்டினார். "பெட்டிக்குள்ள இது இருந்துச்சு. நீங்க வெக்கச் சொன்னதா?"

"இல்லையே. முதல்ல சோதனைக்கு ஒரு அச்சு எடுத்தோம். அதை வெச்சுத்தான் அச்சுக் கடைக்காரர் பள்ளத்துக்கு அளவெடுத்தார். மாடல் சிக்குனு உக்காரும். ஸ்பாஞ்சுக்கு இடமே இருக்காது."

"அந்தச் சோதனை அச்சு எங்க?"

"ஒரு மூலை உடைஞ்சுபோச்சுன்னார். தூக்கிப் போட்டிருப்பார். அப்புறம் நான் லீவுல இருக்கும்போது கோப்புலேருந்து வேற போட்டுக் கொடுத்திருக்கார்."

கார் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. என்ஜின் அணைந்துவிட்டது.

"கிளட்ச் சரியில்ல," என்றார் வாத்தியார். "நேரம் வேற ஆயிட்டே இருக்கு. அந்தக் கடைக்குப் போய்த்தான் ஆகணுமா மேடம்?"

"போய்த்தான் ஆகணும் சார்."

"கணக்கு வாத்தியாருக்குக் கியர்ல கணக்கு தப்பிடுச்சு," என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வகுப்பில் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதினால் பள்ளிக்கூடமே அதிரக் கத்துவாராம். சிற்பிதான் பெருமையாகச் சொன்னாள். இப்போது வாயே திறக்காமல் ஓட்டினார்.

அச்சுக் கடை ஒரு குறுகிய தெருவில், பூட்டு ரிப்பேர் கடையை ஒட்டி இருந்தது. "இங்க நிறுத்த இடமில்ல. நான் எதிர்ப்பக்கம் நிக்கறேன், நீங்க போயிட்டு வாங்க," என்றார் வாத்தியார்.

உள்ளே சூடான பிளாஸ்டிக் வாசனை. மெஷின்கள் சிலந்தி வலை பின்னுவது போல எதையோ இழைத்துக்கொண்டிருந்தன. ஷோகேஸில் சதுரங்க ராஜா, ஒரு செட் பல், வாலில்லாத டைனோசர்.

"அடடே, வாங்க மேடம்! ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்று கடைக்காரர் எழுந்தார்.

அண்ணி ஸ்பாஞ்சை நீட்டினார்.

"இது என் டீ கிளாஸ் கழுவறதாச்சே!" கடைக்காரர் மூலையிலிருந்த குழாயடிக்குப் போய் மீதிப் பாதியைக் கொண்டுவந்தார். இரண்டின் வெட்டும் ஒன்றோடொன்று பொருந்தியது. "அன்னிக்கு அவசரத்துக்கு வேற எதுவும் கிடைக்கல. ஏன், ஏதாவது பிரச்சனையா?"

சிற்பி ஷோகேஸின் முன் அப்படியே நின்றுவிட்டாள். டைனோசருக்குப் பின்னால், தூசி படிந்து, அதே எலும்பு. ஆனால் வழவழப்பு இல்லை. உடம்பெல்லாம் மெல்லிய படிக்கட்டுகள்.

"கோச்சுக்காதீங்க மேடம். மூலைதான் உடைஞ்சுது, பார்க்க அழகா இருக்கேன்னு நான்தான் எடுத்து வெச்சேன்."

சிற்பி அதைக் கையிலெடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். எலும்பின் மேல் ஒட்டினாற்போல ஒரு மெல்லிய மேடு, நூல் மாதிரி, வளைந்து வளைந்து ஓடியது.

"இருக்கு," என்றாள். "மேடம், இருக்கு. நான் விடல. நான் விடவே இல்ல."

சிரித்தாள், அழுதாள், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

"கடைக்காரரே, அந்த டைனோசருக்கு ஒரு வால் போட்டுக் கொடுங்க, சாட்சியைப் பத்திரமா பார்த்துக்கிட்டதுக்கு," என்றேன்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "இது என்ன பள்ளம்? இதுவும் உடைஞ்சதா?" என்று கேட்டார். நூல் ஓடும் வழியில் ஓரிடத்தில், கத்தியால் செதுக்கி எடுத்தது போல ஒரு வெட்டு இருந்தது.

"இல்ல மேடம், அங்க சில சீவல் காணோம். நரம்பு அதைத் தாண்டி மறுபடி தொடருது பாருங்க. என்ன ஆச்சுன்னு கேக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள குட்டிக்குக் காய்ச்சல் வந்துடுச்சு."

"யார்கிட்ட கேக்கணும்னு இருந்தீங்க?"

"சீவறவகிட்டதான். என் நாத்தனார்கிட்ட." சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவள் மறுபடி அந்த மேட்டைத் தடவ ஆரம்பித்தாள்.

அண்ணி ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் திரும்பினார். "ஸ்பாஞ்ச் வெக்கச் சொன்னது யாரு?"

"ரெண்டாவது அச்சை வாங்க வந்தவர்தான். பெட்டியில வெச்சா கடகடன்னு ஆடுச்சு. ஏன் சின்னதா இருக்குன்னு அவரே கேட்டார். கோப்பு அப்படித்தான் சார் இருக்குன்னேன். வெளியே போய் யார்கிட்டயோ போன்ல ரொம்ப நேரம் பேசினார். திரும்பி வந்து, ஆடாம எதையாவது வெச்சுக் கொடுத்துடுங்க, மேடம்கிட்ட சொல்லிக்க வேண்டாம், பையனுக்கு உடம்பு சரியில்லாம கவலையில இருக்காங்கன்னார். எவ்வளவு அக்கறைன்னு நினைச்சுக்கிட்டேன்."

"யாரு அந்த ஆளு?" சிற்பி நிமிர்ந்தாள். "ஆஸ்பத்திரி ஆளா?"

கடைக்காரர் அவளை விநோதமாகப் பார்த்தார். கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவைக் காட்டினார்.

"அதோ, எதிர்ல கார்ல உக்காந்திருக்காரே மேடம். உங்க வீட்டுக்காரர்னுதானே சொன்னார்?"

மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சிற்பி தெருவைப் பார்த்தாள். பிறகு மாடலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வந்துபோகும் வண்டிகளைப் பார்க்காமலேயே தெருவைக் கடந்தாள். அண்ணி ஓடிப்போய் அவள் முழங்கையைப் பற்றினார்.

அவள் முன் சீட்டில் ஏறினாள். நாங்கள் பின்னால். வாத்தியார் அவள் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"அவ வேணும்னு பண்ணல," என்றார்.

யாரும் அவரை எதுவும் கேட்டிருக்கவில்லை.

"எவ?" என்றாள் சிற்பி.

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தங்கை வந்திருந்தாள். சிற்பியின் கம்ப்யூட்டரைத் திறந்து, மாடலில் இருந்த அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். தான் கிழித்துத் தொலைத்த சீவல்கள்தான் என்று தெரிந்துவிட்டது. ஸ்மூத் பண்ணும் அளவைக் கடைசி வரை ஏற்றினாள். பள்ளம் மறைந்தது. சேமித்துவிட்டுப் போய்விட்டாள்.

"பள்ளம் மட்டும் போகும்னு நினைச்சா. நரம்பும் போகும்னு அவளுக்குத் தெரியாது."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

சிற்பியே பதிலும் சொன்னாள்.

"கடையில வாங்கின அன்னிக்கே தெரியும். போன்ல அவகிட்டத்தானே பேசினீங்க? அப்ப ஆபரேஷனே நடக்கல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வார்டுலேருந்தே நிறுத்தியிருப்பேனே!"

"மாடல் கொஞ்சம் சின்னதாயிடுச்சுன்னுதான் நினைச்சேன். இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்? போன்ல அப்படி அழுதா. புருஷன் விட்டுட்டுப் போனவ, பொண்ணை வெச்சுக்கிட்டு இருக்கா. வேலையும் போயிட்டா அவளுக்கு யாரு இருக்கா? உனக்காவது நான் இருக்கேன்."

"இருந்தீங்களா?"

பின்னாலிருந்து யாரோ ஹார்ன் அடித்தார்கள். எங்கள் கார் நகரவில்லை.

"கண்டக்டருக்குக் கண்ணு மூடலன்னு தெரிஞ்சப்போ எனக்குத் தூக்கமே போச்சு," என்றாள் சிற்பி. குரல் உயரவே இல்லை. "நான்தான் எதையாவது அழுத்திட்டேனா, எனக்குப் புத்தி பேதலிச்சுடுச்சான்னு உங்களைத்தான் கேட்டேன். பக்கத்துலதான் படுத்திருந்தீங்க. என் தலையைத் தடவிக்கிட்டே, யாருக்கும் வரக்கூடிய தப்புதான்னு சொன்னீங்க."

அண்ணி முன்னால் குனிந்தார். "சார், சாவியைத் தம்பிகிட்ட கொடுத்துட்டுப் பின்னாடி வாங்க."

அவர் மறுபேச்சுப் பேசாமல் இறங்கினார். நான் ஓட்டினேன். என் வாழ்க்கையிலேயே நான் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போன பயணம் அது.

அண்ணி பெரிய டாக்டருக்குப் போன் செய்து சொன்னதால், வாசலில் சிற்பியை யாரும் தடுக்கவில்லை. எலும்பு சீவும் அறையில் ஏ.சி.யின் குளிரும் மெழுகின் வாசனையும் நிறைந்திருந்தன. வெந்நீர்த் தொட்டியில் மிதந்த ஒரு சீவலை நாத்தனார் தூரிகையால் கண்ணாடித் தகட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏய்! உன்னை உள்ள விட்டுட்டாங்களா?"

அது நடிப்பில்லை. அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். பிறகுதான் சிற்பியின் கையில் இருந்ததைப் பார்த்தாள். தூரிகை தொட்டியில் விழுந்தது. வாசலில் தலைகுனிந்து நின்ற அண்ணனைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியே அண்ணா!"

"அவர் சொல்லல," என்றாள் சிற்பி. "என்ன ஆச்சு? நீ சொல்லு."

"பிளேடு மழுங்கிப் போச்சுன்னு தெரியும்டீ. இன்னும் கொஞ்சம் ஓடும்னு விட்டுட்டேன். சீவல் சுருண்டு கிழிஞ்சுடுச்சு. ஏற்கெனவே ஒரு தடவை எச்சரிச்சிருந்தாங்க. பயந்துட்டேன்."

"ஸ்மூத் பண்ண உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"நீதான்."

"என் பாஸ்வேர்டு எப்படித் தெரியும்?"

நாத்தனார் அழ ஆரம்பித்தாள். "அது என் பிறந்த நாள்தானேடீ."

சிற்பி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னை வேலையிலேருந்து நிறுத்தின அன்னிக்கு ஓடி வந்து என் மடியில படுத்து அழுதியே."

"அது பொய்யில்ல. நிஜமாவே தாங்க முடியாமத்தான் அழுதேன்."

"தெரியும். பொய்யா அழுதிருந்தா இப்ப நான் கத்திட்டுப் போயிருப்பேன்."

மதியம் குழுவின் மேஜையில் ஒரு பெட்டி, இரண்டு எலும்புகள், பொருந்திப்போகும் இரண்டு ஸ்பாஞ்ச் துண்டுகள். பெரிய டாக்டர் தானே எழுந்து, ஒவ்வொரு எலும்பையும் பள்ளத்தில் வைத்துக் காட்டினார். படிக்கட்டு எலும்பு சிக்கென்று உட்கார்ந்தது. நாத்தனார் எதையும் மறுக்கவில்லை. சிற்பிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. தலைவர் அவளிடம் வருத்தம் தெரிவித்தார், கை குலுக்கினார். அவள் யாரோ வேறொருத்தியைப் பாராட்டுவதைப் பார்ப்பவள் போல நின்றாள்.

வெளியே வந்ததும் நேராகப் பெஞ்சுக்குப் போனாள். கண்டக்டர் மூடாத கண்ணைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, யார் கிழித்தார்கள், யார் தேய்த்தார்கள், யாருக்கெல்லாம் முன்பே தெரியும், ஒன்று விடாமல் சொன்னாள். பதற்றத்தில் குரல் உயர்ந்துகொண்டே போனது.

"மெதுவாவே பேசலாம்மா," என்றார் அவர், பாதி உதட்டால். "காது நல்லாக் கேக்குது."

அவள் பெஞ்சைவிட்டு எழவில்லை. அவரும் எழுந்து போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய போன் அடித்தது. மாமியார். விசாரணை ஆரம்பித்ததிலிருந்து பையன் அவர் வீட்டில்தான் இருந்தான். அண்ணி பக்கத்தில்தான் இருந்தார், நானும் இருந்தேன். அந்த அம்மாளின் குரல் போனைத் தாண்டிக் கேட்டது.

"எல்லாம் கேள்விப்பட்டேன்மா. அவ தெரியாமத்தானே பண்ணிட்டா? நீ படிச்சவ, எங்க போனாலும் உனக்கு வேலை கிடைக்கும். நீ ஒத்துக்கிட்டிருக்கலாமே. எல்லாரும் உக்காந்து அப்படித்தானே பேசி வெச்சிருந்தோம்?"

சிற்பி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தாள். மறுபடி வைத்துக்கொண்டாள்.

"எல்லாரும்னா யாரு யாரு அத்தை?"



வராந்தாவின் கடைசியில் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். கிட்டே வரலாமா கூடாதா என்று தெரியாமல் ஓரடி வைத்தார், நின்றார். சிற்பி அவர் பக்கம் திரும்பவில்லை.

"குட்டி என்ன பண்றான்?" என்று கேட்டாள்.

"விளையாடிட்டு இருக்கான்மா."

"சாப்பிட்டானா?"

"ம்."

"அவன் துணியெல்லாம் எடுத்து வைங்க அத்தை," என்றாள் சிற்பி. "ஸ்கூல் பையும். நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."